கொடி கவர்தலும் கொடி காத்தலும்



ஓடியாடும் பிள்ளைகளைப் பார்த்து, "பார்த்துப் போ, விழுந்துவிடாதே" என்று எச்சரிக்காத பெற்றோர் இல்லை. அதே பெற்றோர், ஆட்டத்தில் தோற்று வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்து, "இன்னும் சற்றுத் துணிந்து ஓடியிருக்கலாகாதா?" என்று கேட்பதும் உண்டு. காப்பு ஒருபுறம், வெற்றி மறுபுறம், இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் இவ்விரண்டும் ஒரே பழக்கத்தின் இரு பயன்கள். இதனை நூலைக் காட்டி விளக்குவதைவிட ஓர் ஆட்டத்தைக் காட்டி விளக்குவது எளிது. கொடி கவரும் ஆட்டம் என்பது அதற்கு மிகவும் ஏற்றது.

இன்று பள்ளிகளில் ஆடப்பெறும் இவ்வாட்டம் சாரணர் இயக்கத்தின் வழியாக நம்மிடம் பரவியது. பேடன் பவல் 1908-ஆம் ஆண்டில் சிறுவர்க்கென வெளியிட்ட சாரணர் நூலில் இத்தகைய ஆட்டம் ஒன்றை விளக்கியிருக்கிறார். இரு கட்சியினரும் தத்தம் கொடிகளுக்குக் காவல் வைத்துக்கொண்டே, எதிரியின் கொடிகளைத் தேடிச் செல்ல வேண்டும். இரவில் ஆடினால் கொடிகளுக்குப் பதிலாக விளக்குகளை வைப்பர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1909-இல், பெங்களூரில் ஒரு சாரணர் படை தோன்றிற்று. முதலில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னர் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் இயக்கம் வழி திறந்தது. தனித்தனியே இயங்கிவந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7-ஆம் நாள் ஒன்றுகூடிப் பாரத சாரண இயக்கமாயின. மறு ஆண்டில் சாரணியரும் அதனோடு இணைந்தனர்.

வடிவம் மேனாட்டினது என்றாலும் கருத்து நமக்குப் புதிதன்று. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. மதிலை முற்றுகையிடுவது உழிஞை. உள்ளிருந்து அதனைக் காப்பது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் தனித்தனித் திணைகளாகவே வகுத்துக் கூறுகிறது. கவர்வோனுக்கு ஒரு பூ உண்டென்றால் காப்போனுக்கும் ஒரு பூ உண்டு. இருவர் திறமும் ஒப்ப மதிக்கத்தக்கன என்பது நம் முன்னோர் கொள்கை. கன்னட நாட்டிலும் இந்நிலையே நிலவிற்று. ஆநிரை கவர்வதை அவர்கள் துருகோள் என்றனர். நிரை மீட்கும் போரில் வீழ்ந்தவர்க்குத் தமிழகத்தில் நடுகல் நாட்டினர். கன்னட நாட்டில் வீரகல் நாட்டினர். போரின் கொடுமையை நீக்கி, அதிலுள்ள விரைவையும் அறிவையும் மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பதுதான் இந்த ஆட்டம்.

இதனை ஆடிப் பார்க்க நாம் மனத்தில் கொள்ளும் ஊர் கொள்ளேகால். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. காவிரி அருவியாக வீழும் சிவசமுத்திரத்திற்கு அண்மையில் உள்ளது. 1956 அக்டோபர் முடிய அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், மாநிலங்களின் சீரமைப்பின்போது, மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. வீடும் தறியும் கோயிலும் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை மட்டும் இடம் மாறியது. ஆகையால், கோடு என்பது மக்கள் கூடி ஒப்புக்கொள்வது என்ற உண்மை அவ்வூரார்க்கு எளிதில் விளங்கும். கொடி ஆட்டத்தின் முதற்பாடமும் அதுவே.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைக் காண்போம். அணிக்குப் பத்துப் பேர் என்று கொள்வோம். அறுபது தப்படி நீளமும் முப்பது தப்படி அகலமும் உள்ள திறந்த வெளி போதும். நடுவே சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு இழுத்தால் இரு நாடுகள் பிறந்துவிடும். ஒவ்வொரு நாட்டின் பின்புறத்திலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியுமாறு ஒரு கொடி. ஒரு மூலையில் சிறை என்று பெயரிட்ட ஒரு கட்டம். தன் நாட்டில் நிற்பவனை எவரும் பிடித்தல் இயலாது. கோட்டைத் தாண்டி எதிரி நாட்டில் கால் வைத்தவனை, அந்நாட்டார் தொட்டால் அவன் சிறை புகவேண்டும். அவனுடைய தோழன் ஒருவன் பிடிபடாமல் வந்து அவன் கையைத் தொட்டால் விடுதலை. ஒரு வருகைக்கு ஒருவரைத்தான் மீட்கலாம். மீட்டவனும் மீண்டவனும் கைகளை உயர்த்தியவாறு தம் எல்லைக்குத் திரும்பும் வரை அவர்களைத் தொடலாகாது. எதிரியின் கொடியை எடுத்துக்கொண்டு, பிடிபடாமல் தன் கோட்டை அடைந்தவன் அணியே வென்ற அணி. வழியில் பிடிபட்டால் கொடி பழைய இடத்திற்கே போகும்.

ஆட்டத்திற்கு முன் களத்தைப் பார்க்க வேண்டும். இதனை ஆசிரியரோ பெரியவரோ மட்டும் செய்தல் போதாது. ஆடப்போகும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து வருதல் வேண்டும். கண்ணாடித் துண்டு, முள், துருப்பிடித்த கம்பி, மறைந்து கிடக்கும் குழி ஆகியவற்றை அகற்றுவதும் அடையாளமிடுவதும் முதல் வேலை. கொள்ளேகால் போன்ற ஊர்களின் புறத்தே வயல்வெளிக் கிணறுகள் உண்டு. கைப்பிடிச் சுவரில்லாத கிணறு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தால் அவ்விடம் ஆட்டக்களம் ஆகாது. மல்பெரித் தோட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். அது பட்டுப்புழுவின் உணவு. ஓர் உழவரின் உழைப்பு. அன்றியும், செடிகளின் அடியில் என்ன இருக்கும் என்று அறியோம். ஆகவே தோட்டமும் சாலையும் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்று முன்னரே கூறிவிட வேண்டும். நகரங்களில், அடுக்கு வீடுகளின் முற்றத்தில் ஆடுவோர்க்கு வண்டி நிறுத்தும் இடமே கிணற்றுக்கு ஒப்பானது. பின்னோக்கி வரும் வண்டியின் ஓட்டுநருக்குச் சிறுபிள்ளை தென்படுவதில்லை.

இந்தச் சுற்றுநடை காப்புக்காக மட்டுமன்று. எங்கே நிலம் சரிகிறது, எங்கே மணல் காலை வாங்குகிறது, எந்த மரத்தின் பின்னால் ஒருவன் மறையலாம், மாலை வெயில் எந்தப் பக்கத்தார் கண்ணில் அடிக்கும் என்பவற்றையெல்லாம் கண்டுகொள்ளும் நேரம் அதுவே. முள்ளைத் தேடிச் சென்றவன் வழியையும் கண்டுவிடுகிறான். நாம் தொடக்கத்தில் கூறிய கருத்துக்கு இது முதற்சான்று.

அடுத்தது கொடி. ஆட்டத்திற்கு நம் தேசியக் கொடியைப் பயன்படுத்தலாகாது. தரையில் விழவும் காலில் மிதிபடவும் கூடிய பொருளாக அதனை நடத்துவது முறையன்று. 1971-ஆம் ஆண்டின் சட்டமும் 2002-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள கொடி விதிகளும் அதன் மதிப்பைக் காக்கின்றன. மாநிலத்தின் அடையாளமாகவோ கட்சி, சமயம், மொழி ஆகியவற்றின் அடையாளமாகவோ மக்கள் போற்றும் எந்தக் கொடியும், எந்த வண்ணச் சேர்க்கையும் வேண்டா. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இதனை இருமுறை நினைத்தல் நலம். பிள்ளைகள் அறியாது செய்த ஒன்று பெரியவர்களிடையே மனக்கசப்பாக வளர வேண்டியதில்லை. கொள்ளேகாலில் தறியில் எஞ்சிய துணித்துண்டு கிடைக்கும். மற்ற ஊர்களில் பழைய துண்டு ஒன்று போதும். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை என இருந்தால் வேறுபாடு விளங்கும். கூரான கழியில் கொடியைக் கட்டி நடுதல் தீது. ஓடி வந்து குனிபவன் கண்ணுக்கு அது ஆபத்து. கவிழ்த்த கூடையின் மேல் துணியை விரித்து வைப்பதே தக்கது.

மூன்றாவது, தொடும் முறை. சடுகுடுவில் பிடித்து நிறுத்துவது ஆட்டத்தின் இயல்பு. அங்கே நிலம் சிறிது, ஓட்டமும் குறைவு. இங்கே முழு விரைவோடு ஓடுபவனைப் பற்றி இழுத்தால் இருவரும் விழுவர். தோளுக்கும் இடுப்புக்கும் இடையே முதுகிலோ கையிலோ விரித்த உள்ளங்கை பட்டால் போதும். தள்ளுதல், சட்டையைப் பற்றுதல், கால் குறுக்கிடுதல் ஆகிய மூன்றும் குற்றம். சிறுவரும் சிறுமியரும் கலந்து ஆடும்போது, ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு துணிநாடாவைச் செருகிக்கொண்டு, அதனை உருவினால் பிடிபட்டதாகக் கொள்ளலாம். அதனால் பூசலும் இல்லை, கூச்சமும் இல்லை. தாவணியையும் துப்பட்டாவையும் இறுகச் செருகிக்கொள்ளுதல் வேண்டும். கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்தல் நன்று.

இனி உத்தியைக் காண்போம். பத்துப் பேரும் கொடியைச் சூழ்ந்து நின்றால் தோல்வி வராமற் போகலாம். வெற்றி ஒருநாளும் வாராது. பத்துப் பேரும் கவரப் புறப்பட்டால் வீடு திறந்து கிடக்கும். மூவர் கொடிக் காவல், ஒருவர் சிறைக் காவல், இருவர் நடுக்கோட்டருகே நின்று இருபுறமும் உதவுவோர், நால்வர் கவர்வோர் என்று பகுத்துக்கொண்டு தொடங்கலாம். ஆட்டம் போகும் போக்கில் இவ்வேலைகளை மாற்றிக்கொள்ளலாம்.

கொடிக் காவலர் கொடியை ஒட்டி நிற்கலாகாது. ஐந்து தப்படி விலகியே நிற்க வேண்டும் என்று விதி செய்தால் ஆட்டமும் உயிர்பெறும்; கொடிமேல் எல்லோரும் ஒருங்கே பாய்ந்து மோதுவதும் நேராது. மூவரும் முக்கோணமாக நின்று, நடுவை ஒருவரும் ஓரங்களை இருவரும் பார்க்கட்டும். உள்ளே வந்தவனை நேருக்கு நேராக எதிர்கொள்ள வேண்டா. அவனோடு பக்கவாட்டில் ஓடி, பக்கக் கோட்டை நோக்கி ஒதுக்கினால் அவனுக்கு ஓடும் இடம் குறைந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓடி வருபவனையே பார்த்துக்கொண்டு இரு காவலர் இரு திசையிலிருந்தும் பாய்ந்தால், அவன் நழுவிவிடுவான். காவலர் இருவர் தலையும் மோதிக்கொள்ளும். ஆகவே முந்தியவர் "நான்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அச்சொல்லைக் கேட்ட மற்றவர் உடனே திரும்பி, வெற்றிடத்தைக் காக்க வேண்டும். அந்த ஒரு சொல் தலையைக் காத்தது, கொடியையும் காத்தது. காப்பும் உத்தியும் வேறல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கவர்வோர்க்கு உரிய முதல் உத்தி போக்குக் காட்டுதல். இருவர் இடப்புறம் ஆரவாரத்தோடு நுழைந்து காவலரை ஈர்க்க, ஒருவர் வலப்புறம் ஓசையின்றிச் செல்வார். நான்காமவர் கோட்டருகே காத்திருந்து, கொடியோடு திரும்புபவர் பக்கம் காவலர் பாயும்போது குறுக்கே நுழைந்து அவர்கள் கவனத்தைப் பிரிப்பார். கொடியை எடுத்தவர் வந்த வழியே திரும்பலாகாது. அவ்வழியை எதிரி அடைத்திருப்பான். எடுக்கும் முன்னரே திரும்பும் வழியை முடிவுசெய்து கொள்ள வேண்டும். குனிந்து எடுக்கும்போது நின்று எடுத்து, நிமிர்ந்து பார்த்து, பின் ஓட வேண்டும். குனிந்தவாறே ஓடுபவன் எதிரே வருபவனைக் காணமாட்டான்.

சிறைக்கும் ஒரு கணக்கு உண்டு. நம்முள் மூவர் பிடிபட்டால் நாம் எழுவர். எதிரியோ சிறைக் காவலரை நீக்கினால் ஒன்பதின்மர். இந்நிலையில் கொடியை நோக்கி மேலும் ஆளை அனுப்புவது வீரம்போலத் தோன்றும். ஆனால் அது சிறையை நிரப்பும் வேலை. முதலில் தோழரை மீட்டு எண்ணிக்கையைச் சமன்செய்து கொள்ள வேண்டும். மீட்கப்பட்டவன் கைகளை உயர்த்தி நடந்தே திரும்புவதால் மூச்சு வாங்கிக்கொள்ளவும், எதிரியின் நிலையை நிதானமாகப் பார்த்துவரவும் அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. நல்ல அணித்தலைவர் திரும்பி வந்தவனிடம் முதலில் கேட்பது, "என்ன கண்டாய்?" என்பதே.

ஆட்டத்தை நடத்தப் பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும். நீண்ட ஓர் ஊதல் கேட்டால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இதனை ஆட்டத்திற்கு முன்பே மூன்று முறை பழக்குதல் நன்று. பாதிக்குப் பதினைந்து நிமிடம், இடையே ஐந்து நிமிட ஓய்வு, தண்ணீர், பக்கம் மாற்றம் என்று அமைக்கலாம். பக்கம் மாறினால் வெயிலும் சரிவும் இரு அணிக்கும் பொதுவாகும். மார்ச்சு முதல் மே வரையிலான கோடையில் உச்சிவேளையில் ஆடலாகாது. காலையும் மாலையுமே ஏற்றவை. சாரணர் நூல் இரவாட்டத்தைக் கூறினாலும், கொள்ளேகாலைச் சூழ்ந்த பகுதியில் அது பொருந்தாது. 2011-இல் புலிகள் காப்பகமான பிளிகிரி ரங்கன் மலையும், 2013-இல் வனவிலங்குப் புகலிடமான மலை மாதேஸ்வரர் காடும் தொலைவில் இல்லை. காட்டை அடுத்த சிற்றூர்களில் அந்தி சாய்ந்தபின் யானைகள் வயலுக்கு வருவதுண்டு. ஆதலால் வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டத்தை முடித்து, பிள்ளைகளை எண்ணி, வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எத்தனை பேர் வந்தனர் என்று தொடக்கத்திலும் எண்ணியிருந்தால்தானே முடிவில் எண்ணுவதற்குப் பொருள் இருக்கும்?

சிராய்ப்புக்குத் தூய தண்ணீரால் கழுவுதலே முதல் மருந்து. சுளுக்கிய காலோடு, "ஒன்றுமில்லை" என்று ஆட விரும்பும் பிள்ளையை அமர்த்தி வைக்க வேண்டும். தலையில் அடிபட்டவன் அன்று மீண்டும் ஆடலாகாது; மயக்கமோ வாந்தியோ தலைவலியோ கண்டால் மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். பாம்பு தீண்டியது என்ற ஐயம் எழுந்தால் கட்டுவதும் கீறுவதும் கூடா. அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி நம் நேயர்கள் சிறப்பாகக் கருதவேண்டிய ஒன்று உண்டு. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை, முதல் நாள் மாலையில் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நிற்கும். அங்கே பேசும் மொழி அதற்குத் தெரியாது. அப்போது தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அணி, உள்ளூர்ப் பிள்ளைகள் ஓர் அணி என்று பிரிப்பது எளிது. அவ்வாறு பிரித்தால், கூடைமேல் கிடந்த துணித்துண்டு உண்மையாகவே கொடியாகிவிடும். தோற்றவர் மனத்தில் தோல்வியோடு வேறொன்றும் தங்கும். ஆகவே சீட்டுப் போட்டு அணி பிரியுங்கள். இடைவேளையில் அணிக்கு மூவரை மாற்றிக்கொள்ளுங்கள். முதற்பாதியில் தன்னைத் துரத்தியவன், மறுபாதியில் தன்னைச் சிறையிலிருந்து மீட்க ஓடி வருவதைக் காணும் பிள்ளைக்கு நட்பைப் பற்றி நாம் தனியே பாடம் சொல்ல வேண்டியதில்லை.

மொழி தெரியாதே என்று அஞ்சவும் வேண்டா. கன்னட நாட்டில் உள்ளோர் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். நாம் ஓடு என்பதை அவர்களும் ஓடு என்றே கூறுவர். நில் என்பது நில்லு. வா என்பது பா. பிடி என்பது ஹிடி. சிறை அவர்களுக்குச் செரெ. எல்லை அவர்களுக்கு எல்லெ. ஆட்டத்திற்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை இரு மொழியிலும் உடன்பிறந்தவையாகவே இருக்கின்றன. தொலைவான மொழி வழங்கும் மாநிலங்களில் ஐந்தாறு சொற்களை முன்னரே கற்றுக்கொண்டால் போதும். எச்சரிக்கைச் சொற்களை மட்டும் எல்லோரும் ஒரே மொழியில், ஒரே விதமாகக் கூறுமாறு பழக்குங்கள். ஆபத்தில் பொருள் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

இறுதியாக ஒன்று. இவ்வாட்டத்தில் தொடப்பட்டவன், "ஆம், தொட்டாய்" என்று தானே ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவர் கண் எல்லா இடத்திலும் இராது. ஐயம் நேர்ந்தால் இருவரும் தத்தம் எல்லைக்குத் திரும்பி மீண்டும் தொடங்கட்டும். வாய்மை இல்லாத இடத்தில் கோட்டுக்கு மதிப்பில்லை. கோட்டுக்கு மதிப்பில்லையேல் ஆட்டமே இல்லை. களத்தை அறிதல், தோழனுக்குக் குரல் கொடுத்தல், ஊதல் கேட்டால் நிற்றல், பிடிபட்டால் ஒப்புதல் ஆகிய இந்நான்கும் பிள்ளையை அடிபடாமற் காப்பவை. வெற்றிக்கு அழைத்துச் செல்பவையும் இவையே. வரும் விடுமுறை நாளில், உங்கள் தெருப் பிள்ளைகளை எம்மொழியினர் என்று பாராமல் கூட்டி, ஒரு பிடி சுண்ணாம்பும் இரண்டு துணித்துண்டும் கொடுத்துப் பாருங்கள். முதலில் களத்தைச் சுற்றி அவர்களோடு நீங்களும் நடந்து வாருங்கள்.